குதிரை டாக்டர் பதில்கள்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

நெடுந்தூரக் குதிரை ஓட்டம் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி எலக்ட்ரோலைட் பற்றியவை, அதாவது வியர்வையில் போகும் உப்புச் சத்துகளை ஈடுகட்டக் கொடுக்கும் கலவை பற்றியவை. வளைகுடாவில் குளிர்கால சீசன் தொடங்கப் போகிறது, அதனால் இருக்கும். லாடம், பல், குடற்புழு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை உப்பை மட்டும் பேசுவோம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமீரகத்து லாயங்களில் வேலை பார்த்த காலத்தில், எனக்கும் டிரெய்னர்களுக்கும் அதிகமாகச் சண்டை வந்தது இந்த விஷயத்தில்தான்.

கேள்வி: ராமநாதபுரம் பக்கத்துக்காரன் நான். அல் ஐனில் ஒரு எண்ட்யூரன்ஸ் (நெடுந்தூர ஓட்ட) லாயத்தில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவனாக, இருக்கிறேன். அலமாரியில் நாலு கம்பெனி எலக்ட்ரோலைட் டப்பா இருக்கிறது. நாலிலும் ‘முழுமையான கலவை’ என்றே போட்டிருக்கிறது. டிரெய்னர் என்னையே ஒன்றைப் பொறுக்கச் சொல்லிவிட்டார். எதைப் பார்த்து எடுப்பது? குதிரைகள் எல்லாம் அரபி, 400 கிலோ பக்கம்.
(வாசகர், அல் ஐன்)

தம்பி, டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். அங்கே ஓடுகிற குதிரையின் படமும் பெரிய எழுத்தும்தான் இருக்கும். திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அதற்கு முன்னால் குதிரையின் வியர்வையில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். டப்பாவின் வேலை அதைத் திருப்பித் தருவதுதான்.

நம் வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது. ஓடி வியர்த்தால் நமக்குத் தண்ணீர்தான் அதிகம் போகிறது, உப்பு குறைவாகப் போகிறது. குதிரை அப்படியில்லை. அதன் வியர்வை ரத்தத்தின் நீர்ப்பகுதி அளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ உப்புச் செறிவு கொண்டது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய 10 கிராம் உப்புச் சத்துகள் வெளியே போகின்றன. அதில் குளோரைடு 5 முதல் 6 கிராம், சோடியம் 3 கிராமுக்குச் சற்று மேல், பொட்டாசியம் ஒன்று முதல் ஒன்றரை கிராம். கால்சியமும் மெக்னீசியமும் சொற்பம், கால்சியம் சுமார் 0.1 கிராம், மெக்னீசியம் அதிலும் பாதி. வெயிலில் உழைக்கிற குதிரை மணிக்கு 10 லிட்டர், சில நேரம் அதற்கு மேலும் வியர்க்கும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 30 கிராம் சோடியம், 50 கிராமுக்கு மேல் குளோரைடு போயாயிற்று. பயிற்சி முடித்து வந்த குதிரையின் சேணம் இருந்த இடத்தில் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதைத் தினமும் தேய்த்து எடுக்கிறவர் நீங்கள்தான். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது டப்பா. பொருள்களின் பட்டியலில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது விதி. சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, முதலில் இருக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ், சுக்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று சர்க்கரையின் ஏதாவது ஒரு பெயர் முதலில் இருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். கொஞ்சம் சர்க்கரை இருப்பது தப்பில்லை. ருசிக்கு வேண்டும், குடலில் சோடியத்தை இழுக்கவும் ஓரளவு உதவும். ஆனால் டப்பாவில் பாதி சர்க்கரை என்றால் அது மிட்டாய்.

அப்புறம் அளவு. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் கொடுக்கச் சொல்கிறார்கள், அதில் எத்தனை கிராம் சோடியம், எத்தனை கிராம் குளோரைடு என்று பெருக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு இரண்டு டப்பா வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு வேளைக்கு 60 கிராம். ஒன்றில் சோடியம் 12 சதவீதம், குளோரைடு 22, பொட்டாசியம் 5. பெருக்கினால் சோடியம் 7 கிராம், குளோரைடு 13, பொட்டாசியம் 3. இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமான வியர்வையை அது ஈடுகட்டும். இன்னொன்றில் சோடியம் இரண்டரை சதவீதம். ஒன்றரை கிராம்தான் வருகிறது, அரை லிட்டர் வியர்வைக்குத்தான் போதும். விலை பெரும்பாலும் இரண்டாவதுக்குத்தான் அதிகமாக இருக்கும். சில கம்பெனிகள் ‘சோடியம்’ என்று போடாமல் ‘உப்பு’ என்று போட்டு எண்ணைப் பெரிதாகக் காட்டுவார்கள். உப்பில் சோடியம் 39 சதவீதம்தான், மிச்சம் குளோரைடு.

விகிதமும் முக்கியம். குளோரைடு சோடியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு, பொட்டாசியம் சோடியத்தில் பாதி அல்லது அதற்கும் கீழே. லேபிளில் குளோரைடு பற்றிப் பேச்சே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். சோடியத்தை வேறு எந்த வடிவில் சேர்த்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, இருந்தால் நெடுந்தூரக் குதிரைக்கு அது வேண்டவே வேண்டாம். குறைந்த தூரம் வேகமாக ஓடும் பந்தயக் குதிரைக்குத் தசையில் அமிலம் சேரும். நம் குதிரைக்கு நடப்பது நேர் எதிர். குளோரைடு வியர்வையில் போய்விடுவதால் ரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அந்த நேரத்தில் சோடாவையும் கொடுத்தால் நாமே தள்ளிவிட்ட மாதிரி. சிட்ரேட், அசிடேட் வகைகளும் உடம்பில் பைகார்பனேட்டாகத்தான் மாறும். கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை.

வைட்டமின், அமினோ அமிலம், மூலிகைச் சாறு என்று நீளும் பட்டியல் எல்லாம் விலையை ஏற்றத்தான். நாலு டப்பாவில் எதிலும் கணக்குச் சரிவரவில்லை என்றால் டிரெய்னரிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் கலப்பதே மேல். சமையல் உப்பு இரண்டு பங்கு, பாதி பொட்டாசியம் குளோரைடு கலந்த ‘லைட்’ உப்பு ஒரு பங்கு, கால்சியம் கார்பனேட் அல்லது டோலமைட் தூள் ஒரு பங்கு. அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பல காலமாகக் கலக்கும் சேர்மானம் இது. இதில் 60 கிராம் எடுத்தால் சோடியம் 14 கிராமுக்கு மேல், குளோரைடு 26, பொட்டாசியம் 4 வரும். கடையில் கிடைக்கும் பல டப்பாக்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

இன்னொன்று. பந்தய நாளைவிடத் தினசரி உப்பில்தான் அதிகம் அடங்கியிருக்கிறது. வேலையில்லாமல் நிற்கிற 400 கிலோ குதிரைக்கே நாளொன்றுக்குச் சுமார் 8 கிராம் சோடியம் வேண்டும், அதாவது 20 கிராம் உப்பு. புல்லிலும் தானியத்திலும் சோடியம் மிகக் குறைவு. பயிற்சி நாள்களில் தீவனத்தில் 50, 60 கிராம் சாதாரண உப்பை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இதைச் செய்யாமல் பந்தயத்தன்று மட்டும் விலை உயர்ந்த எலக்ட்ரோலைட் பேஸ்ட்டை வாயில் பீய்ச்சுகிற லாயங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் டெவிஸ் கோப்பை என்ற 100 மைல் குதிரை ஓட்டத்துக்குத் தன் குதிரையைத் தயார் செய்கிறாள். 50 மைல் ஓட்டங்களில் முதல் 20 மைல் வரை அது தண்ணீரில் வாயே வைப்பதில்லை. முதல் நாள் இரவே நிறைய எலக்ட்ரோலைட் கொடுத்து உடம்பில் ஏற்றிவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஓட்டத்தின் நடுவே மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும் என்று வேறு சிலர். எது சரி?
(வாசகர், சாக்ரமெண்டோ, கலிபோர்னியா)

ஐயா, இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை.

உப்பை முன்கூட்டியே சேமித்து வைக்க உடம்பில் கிடங்கு கிடையாது. இரவில் அள்ளிக் கொடுத்தால் விடிவதற்குள் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், கூடவே தண்ணீரையும். குதிரைக்கு இருக்கிற உண்மையான கிடங்கு அதன் பெருங்குடல். நார் நிறைந்த புல் அங்கே ஊறிக் கிடக்கும்போது தண்ணீரையும் உப்பையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். ஓட்டத்தின் போது உடம்பு அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது, இரவு முழுக்கத் தாராளமாகப் புல், வாளி நிறையத் தண்ணீர், வழக்கமான உப்பு. காலையில் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த தீவனத்தில் ஒரு வேளை அளவு கலந்து கொடுக்கலாம். ஒண்டாரியோவின் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லிண்டிங்கர் குழுவினர், அடையாளமிட்ட சோடியத்தைக் குதிரைக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். அது குடலிலிருந்து விரைவாக ரத்தத்துக்கு வந்து, அதே ஓட்டத்தின் வியர்வையிலும் வெளியாவதைக் காட்டினார்கள். அவர்கள் உப்பைப் பேஸ்ட்டாகக் கொடுக்கவில்லை, ஏராளமான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் 20 மைல் குடிக்காததற்கு வருவோம். பல குதிரைகள் அப்படித்தான், அதிலும் டெவிஸ் போல விடிகாலைக் குளிரில் மலை உச்சியை நோக்கிக் கிளம்பும் ஓட்டத்தில். காரணம் பிடிவாதமில்லை. நமக்கு வியர்த்தால் தண்ணீர் குறைந்து ரத்தத்தில் உப்புச் செறிவு ஏறும். அந்த ஏற்றம்தான் மூளைக்குத் தாகத்தைச் சொல்கிறது. குதிரைக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் செறிவு பெரிதாக ஏறுவதில்லை. உடம்பில் 15, 20 லிட்டர் குறைந்திருக்கும், ஆனாலும் தாகம் எடுக்காது. இங்கேதான் எலக்ட்ரோலைட்டின் உண்மையான பயன் இருக்கிறது. கொஞ்சம் உப்பு உள்ளே போனால் ரத்தத்தில் செறிவு ஏறி, தாகம் எடுக்கும்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஷாட் குழுவினர் 2002-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்தது. ஓடிக் களைத்து நீர் வற்றிய குதிரைகளுக்கு, ஓட்டம் முடிந்த முதல் 5 நிமிடத்தில் சிலவற்றுக்கு வெறும் தண்ணீரும் சிலவற்றுக்கு 0.9 சதவீத உப்புத் தண்ணீரும் வைத்தார்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர். முதலில் உப்புத் தண்ணீர் குடித்தவைதான் இழந்த எடையை நன்றாக மீட்டன. வெறும் தண்ணீரைக் குடித்தவற்றுக்கு ரத்தம் நீர்த்துப் போய், இருந்த கொஞ்சத் தாகமும் அடங்கிவிடுகிறது. 0.9 சதவீதம் என்றால் 20 லிட்டர் வாளிக்கு 180 கிராம் உப்பு. கேட்க அதிகமாகத் தோன்றும், ஆனால் நா ருசிக்கு நம் ரசத்தைவிட அப்படியொன்றும் கரிப்பில்லை. பயிற்சி முடித்து வந்ததும் இந்த வாளியை முதலில் காட்டி இப்போதிருந்தே பழக்கச் சொல்லுங்கள். டெவிஸ் அன்று புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

சரி, நடுவே எத்தனை முறை? கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. குதிரை குடித்த பிறகு கொடுப்பது. இதை ஒரே விதியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் கெட்டியான பேஸ்ட்டைச் செலுத்தினால், அது குடலுக்குப் போய் அங்கிருக்கும் உப்பைக் கரைக்க ரத்தத்திலிருந்தே தண்ணீரை இழுக்கும். வற்றிய குதிரை இன்னும் வற்றும். வாயில் புல் இல்லாமல், குடல் சத்தம் குறைந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பும் நிலையில் இருக்கிற குதிரைக்குச் சிரிஞ்சை எடுக்கவே கூடாது. அதை வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், காட்ட வேண்டும்.

மணிக்கு ஒரு முறை என்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் குதிரைகளுக்கு மணிக்கு ஒரு முறையாக 8 முறை செறிந்த எலக்ட்ரோலைட் கொடுத்துப் பார்த்தார்கள், 2005-இல் அது வெளியானது. கொடுத்த குதிரைகளின் இரைப்பையில் புண்கள் எண்ணிக்கையிலும் தீவிரத்திலும் கூடின. நெடுந்தூரக் குதிரைகளில் ஏற்கெனவே இரைப்பைப் புண் சகஜம். நாள் முழுக்க ஓடி, பாதி வெறும் வயிற்றோடு நிற்கும் இரைப்பையில் உப்புக் குழம்பை ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும்? முதலில் இரண்டு வாய் குதிரை மசால் (லூசர்ன்) புல்லோ ஊறிய தீவனமோ தின்னட்டும், அதற்குப் பிறகு உப்பு. பேஸ்ட்டை ஆப்பிள் கூழிலோ தயிரிலோ தளர்த்திக் கலந்து, ஒரே பெரிய அளவாக இல்லாமல் பாதிப் பாதியாகக் கொடுப்பது நல்லது. கொடுத்த பிறகு வாயைக் கொஞ்சம் தண்ணீரால் அலசிவிட்டால், அடுத்த தொட்டியில் நாக்கு எரிந்து குடிக்க மறுப்பதும் குறையும்.

டெவிஸ் பாதைக்கு என் யோசனை இது. ஓட்டம் 1955-இல் தொடங்கியது, தாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் வரை 100 மைல், 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கிளம்பியவற்றில் பாதியை ஒட்டித்தான் முடிக்கின்றன. சுமார் 36-ஆவது மைலில் ராபின்சன் ஃபிளாட்டில் ஒரு மணி நேர ஓய்வு இருக்கிறது. அங்கே குதிரை நன்றாகத் தின்று குடித்தால், கிளம்பும் முன் ஒரு வேளை எலக்ட்ரோலைட். இது தவறவிடக் கூடாதது, ஏனென்றால் அடுத்து வருவது பள்ளத்தாக்குகள். காற்றில்லாமல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வெக்கையில் இறங்கி ஏற வேண்டும். 68-ஆவது மைலில் ஃபாரஸ்ட்ஹில்லில் மறுபடி ஒரு மணி நேரம், அங்கே இன்னொரு வேளை. இடையில் நிறையக் குடித்த தொட்டிகளில் கால், அரை அளவு. 20 மைல் வரை குடிக்காத குதிரை என்பதால், முதல் நீரோடைகளில் வேகத்தைக் குறைத்து, மற்றக் குதிரைகள் குடிக்கும்போது பக்கத்தில் நிறுத்துவது எந்தப் பொடியையும்விட வேலை செய்யும்.

பொட்டாசியம் பற்றி மகள் நிச்சயம் கேட்பார். புல்லில் அது தாராளமாக இருக்கிறது, 10 கிலோ புல்லில் 150 கிராமுக்குக் குறையாது. வர்ஜீனியா டெக் ஆராய்ச்சியாளர்கள் 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் பொட்டாசியம் உள்ள கலவையையும் இல்லாத கலவையையும் ஒப்பிட்டபோது, உள்ளதைக் குடித்த குதிரைகளின் ரத்தத்தில் பொட்டாசியம் அதிகமாகத்தான் இருந்தது. ஓடும்போது தசையிலிருந்து அது ரத்தத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். அதனால் ஓட்டத்தின் நடுவே பொட்டாசியம் குறைந்த கலவை, முடிந்த பிறகு மீட்சிக்குப் பொட்டாசியம் உள்ள கலவை என்பது என் வழக்கம். எல்லா வெட்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: கோவையில் மார்வாரி குதிரை வைத்திருக்கிறேன். 60 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. குதிரைக்கென்று விற்கும் எலக்ட்ரோலைட் விலை தாங்கவில்லை. மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இளநீர் இவற்றைக் கொடுத்தால் போதாதா? உப்புக்கட்டியும் தொங்கவிட்டிருக்கிறேன்.
(வாசகி, கோயம்புத்தூர்)

அம்மா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5 கிராம். சிட்ரேட்டில் வருவதையும் சேர்த்து சோடியம் 1.7 கிராம். உங்கள் குதிரை ஒரு மணி நேரம் வியர்த்து 30 கிராம் சோடியத்தை இழந்தால், அதற்கு 17, 18 பாக்கெட் கரைக்க வேண்டும். அதோடு கால் கிலோ குளுக்கோஸும் போகும், வேண்டாத சிட்ரேட்டும் போகும். அது பேதியாகும் குழந்தைக்கென்று அளந்து செய்தது, அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. குதிரைக்குப் பொருந்தாது.

இளநீர் கொடுத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, குதிரை ஆசையாகக் குடிக்கும். ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூடுதல், சோடியம் குறைவு. பொட்டாசியம் தீவனத்திலேயே கிடைக்கிறது என்று மேலே சொன்னேன். பொள்ளாச்சிப் பக்கம் இருந்துகொண்டு இளநீரைக் குறை சொல்ல எனக்கும் மனமில்லை. வெயிலில் நின்ற நீங்கள் குடியுங்கள்.

உங்களுக்கு வேண்டியது மளிகைக் கடைச் சாதாரண உப்பு. தினம் 30 முதல் 50 கிராம், உழைப்பைப் பொறுத்து, தவிட்டிலோ கொள்ளிலோ பிசறிக் கொடுங்கள். தட்டையாக வழித்த ஒரு மேசைக்கரண்டி உப்பு சுமார் 18 கிராம் இருக்கும். ஓட்டத்தன்று காலையிலும், நடுவில் குடித்துத் தின்ற பிறகும், முடிந்த பிறகும் 40, 50 கிராம் வீதம். 60 கிலோமீட்டருக்கு இது போதும். பொட்டாசியம் வேண்டுமென்று யாராவது உரக்கடைப் பொட்டாஷைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். வேதிப்பெயர் ஒன்றுதான், ஆனால் வயலுக்குப் போடும் தரத்தில் என்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

உப்புக்கட்டி தொங்கட்டும், ஆனால் அதை நம்பாதீர்கள். மாட்டின் நாக்கு அரம் போல இருக்கும், குதிரைக்கு வழவழப்பு. உழைக்கிற குதிரைக்கு வேண்டிய அளவை நக்கியே எடுக்க அதற்குப் பொறுமை இருக்காது. இதில் ஒரு எச்சரிக்கை: மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் சேர்க்கும் சில கலவைகளில் மோனென்சின் என்ற மருந்து இருக்கும். மாடு தாங்கும் அளவில் பாதிகூடக் குதிரை தாங்காது, இதயத் தசை சிதைந்து செத்துவிடும். மாட்டுக்கென்று விற்கும் தாதுக் கலவையை, லேபிளில் அது இல்லை என்று உறுதியாகாமல், குதிரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: போன சீசனில் அபுதாபி அல் வத்பாவில் இரண்டாவது சுற்று முடிந்து வந்ததும் என் குதிரையின் விலாப்பக்கம் துடிக்க ஆரம்பித்தது. இதயத் துடிப்போடு சேர்ந்தே துடித்தது. வெட் நிறுத்திவிட்டார். கால்சியம் குறைவு என்றார்கள். இந்த முறை ஒரு மாதம் முன்பிருந்தே குதிரை மசால் நிறையப் போட்டு, கால்சியம் பொடியும் கொடுக்கட்டுமா?
(வாசகர், துபாய்)

நீங்கள் செய்ய நினைப்பது காரியத்தைக் கெடுக்கும்.

உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தின் மேலறைகளை ஒட்டிப் போகிறது. வியர்வையில் கால்சியமும் பொட்டாசியமும் குளோரைடும் போய், ரத்தம் காரமாகிவிட்டால் அந்த நரம்பு அளவுக்கு மீறி உசுப்பப்பட்டு நிற்கும். பக்கத்தில் இதயம் துடிக்கிற ஒவ்வொரு மின் அதிர்வுக்கும் அதுவும் துடிக்கும். விலா படபடப்பது அதுதான். குதிரை விக்கல் எடுப்பது போல இருக்கும். அதைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், வெட் இதயத்தைக் கேட்டுக்கொண்டே ரத்தநாளம் வழியாகக் கால்சியத்தை மெதுவாக ஏற்றுவார். உங்கள் வெட் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

கால்நடை வைத்திருந்தவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் பால் காய்ச்சல் தெரிந்திருக்கும். கன்று போடப் போகும் பசுவுக்குக் கடைசி வாரங்களில் கால்சியம் அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் சுரப்பி சோம்பிப் போய்விடும். கன்று போட்ட அன்று திடீரெனத் தேவை வரும்போது உடம்பால் ஈடுகொடுக்க முடியாமல் மாடு படுத்துவிடும். குதிரையிலும் அதே தத்துவம். குதிரை மசாலில் கால்சியம் மிக அதிகம். அதையே முழுத் தீவனமாகப் போட்டால் குடல் வழியே தேவைக்கு மேல் வந்துகொண்டே இருக்கும், உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கப் பழகாது. ஓட்டத்தன்று குதிரை அதிகம் தின்னாது, வரத்து நிற்கும், வியர்வையில் செலவு ஏறும். அப்போதுதான் விலா துடிக்கிறது.

ஆகவே பயிற்சி மாதங்களில் ரோட்ஸ் புல் போன்றவை பிரதானமாக இருக்கட்டும், குதிரை மசால் தீவனத்தில் சிறு பங்கு. கால்சியம் பொடி வேண்டாம். ஓட்டத்தன்று கதை மாறும். ஒவ்வொரு வெட் கேட்டிலும் (நடுவே வெட் குதிரையைச் சோதிக்கும் இடம்) கைநிறையக் குதிரை மசால் கொடுங்கள். கால்சியமும் கிடைக்கும், இரைப்பை அமிலத்தையும் தணிக்கும். அன்று கொடுக்கும் எலக்ட்ரோலைட்டில் குளோரைடு நன்றாக இருக்க வேண்டும், கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் நல்லது, சோடா அறவே கூடாது. ஒரு முறை துடித்த குதிரை மறுபடி துடிக்கும் வாய்ப்பு உண்டு. பந்தயத்துக்கு முன் 60, 80 கிலோமீட்டர் பயிற்சியில் இந்த மாற்றத்தோடு ஓட்டி, விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ‘நூறு சதவீதம் இயற்கை மூலிகை எலக்ட்ரோலைட்’ என்று ஒன்று விற்கிறார்கள். போட்டியில் தடைசெய்த பொருள்களின் பட்டியலால் பிரச்சினை வராது என்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், ஷார்ஜா)

இயற்கை என்பதற்கும் தடைக்கும் சம்பந்தம் கிடையாது. காஃபீனும் இயற்கைதான். கோகோ ஓட்டிலிருந்து வரும் தியோபுரோமினும் இயற்கைதான். மிளகாயின் காரமான கேப்சைசின் 2008 ஒலிம்பிக்கின் குதிரைத் தாண்டல் போட்டிகளில், ஹாங்காங்கில், பல குதிரைகளின் சோதனையில் சிக்கியது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு எந்தச் சத்துப் பொருளுக்கும் சான்று தருவதில்லை, பொறுப்பு முழுக்க உங்களுடையது. உப்பில் மூலிகை எதற்கு என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைவிட, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த அறிக்கை தருவாரா என்பதைப் பாருங்கள். வாங்கினால் டப்பாவையும் அதன் தொகுதி எண்ணையும் சீசன் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் வைத்திருக்கும் என் குதிரைக்கு இந்தக் கோடையில் வியர்வையே வரவில்லை. மூச்சு மட்டும் வாங்குகிறது. எலக்ட்ரோலைட் கொடுத்தால் வியர்க்குமா?
(வாசகர், சென்னை)

அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஈரப்பதமும் வெக்கையும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளின் வியர்வைச் சுரப்பிகள் மெல்ல மெல்ல வேலை நிறுத்தம் செய்துவிடும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த குதிரைகளில் வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே கவனித்த நோய் இது. தீவனத்தில் உப்பு குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வது நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் சுரப்பி திரும்புவது அபூர்வம். வேலையை நிறுத்துங்கள். நிழல், மின்விசிறி, உடம்பு முழுக்கத் தொடர்ந்து தண்ணீர். ஆசனவாய் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே டாக்டர். வியர்க்காத குதிரையை நெடுந்தூர ஓட்டத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: உப்புத் தண்ணீர் வாளியை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. என்ன செய்ய?
(வாசகி, மஸ்கட்)

பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளி கட்டாயம் இருக்க வேண்டும். உப்பு வாளியை மட்டும் வைத்துவிட்டுப் போனால் அது எதையுமே குடிக்காமல் நிற்கும். பயிற்சி முடிந்து வந்த உடனே மட்டும், வேறு எதையும் காட்டுவதற்கு முன், 5 நிமிடம் உப்பு வாளியைக் காட்டுங்கள். முதல் வாரம் 20 லிட்டருக்கு 40 கிராம், பிடித்துப் போனால் வாரத்துக்கு வாரம் ஏற்றிக்கொண்டு போகலாம். ஒரு கைப்பிடி ஊறிய சர்க்கரை பீட் சக்கையைப் போட்டுக் கலக்கினால் பல குதிரைகள் மயங்கிவிடும். ஐஸ் போட்ட தண்ணீரைவிட, அறை வெப்பத்தை ஒட்டிய, 20 டிகிரி செல்சியஸ் பக்கமுள்ள தண்ணீரைத்தான் ஓடி வந்த குதிரை அதிகம் குடிக்கும். அப்படியும் மறுத்தால் உப்பைத் தீவனத்தில் போட்டு, வாளியில் வெறும் தண்ணீரையே வையுங்கள்.